ஒரு நாள்கூட விட்டதில்லை

கிருபாகரன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகக் கூட்டத்துக்கு வரவில்லை. போனை எடுக்கவுமில்லை. அந்த மாதத்து மாத்திரையையும் அவன் வாங்கிப் போகவில்லை என்று மருத்துவமனையிலிருந்து தகவல் வந்ததும், ஜெனிட்டா அவனைத் தேடிக்கொண்டு மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினாள்.

அதுதான் அவள் வேலை. எச்.ஐ.வி.யோடு வாழும் இளைஞர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் செங்கல்பட்டில் நடத்திய கூட்டங்களை அவள்தான் வழிநடத்தினாள். வருகிறவர்கள் பெரும்பாலும் பிறக்கும்போதே கிருமியோடு பிறந்தவர்கள். பள்ளி முடித்து ஏதோ ஒரு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். கொளவாய் ஏரிப் பக்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு மாடியில், பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். மாத்திரை, கோபம், தூக்கமின்மை, காதல், யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக்கூடாது என்று பேச்சு எங்கெங்கோ போகும். படித்த ஆலோசகர் பேசுவதைவிட, அதே கிருமியோடு வளர்ந்த ஒருத்தி பேசினால் பிள்ளைகள் வாய் திறப்பார்கள் என்பதுதான் அந்தத் திட்டத்தின் நம்பிக்கை. ஜெனிட்டா அப்படி வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் அவளுக்கு விவரம் தெரிவதற்குள் போய்விட்டார்கள். அண்ணன் பெஞ்சமின் மறைமலைநகர் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து அவளை பி.ஏ. வரை படிக்கவைத்தான்.

கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு ஹோட்டலில் கிருபாகரனுக்கு வேலை. அறைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பின்பக்க கேட்டில் காவலாளியிடம் "என் தம்பி கிருபாகரன் உள்ள கீறான், கூப்பிடுங்க" என்றாள். அவன் வெளியே வந்தபோது முகத்தில் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே இருந்தன.

"இன்னாக்கா, இம்மாந் தூரம் வந்துகினு?"

"நீ போன எடுத்தா நா ஏன்டா வர்றேன்?"

யார் காதிலும் விழாமலிருக்க அவளைச் சவுக்குத் தோப்புப் பக்கமாகக் கூட்டிப் போனான். வெயிலில் மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. அவள் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்டுத் துளைக்காமல் எதிராளி தானாகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள்.

"ரூம்ல ஆறு பேரு தங்கினுகீறோம்க்கா. டப்பாவ எடுத்தாலே லொடலொடன்னு சத்தம். இன்னாடா டெய்லி மாத்திரன்னு கேட்டானுங்க. சத்து மாத்திரன்னேன். அப்போ எனக்கும் ஒண்ணு குட்றா மச்சான்றான் ஒத்தன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பு அவன் முகத்திலிருந்து வடிந்துபோனது.

"அதுக்கோசரம்னு இல்லக்கா. ஒரு நாளு மறந்துட்டேன். காலைல எழுந்தா ஒண்ணுமே ஆவல. அந்த டப்பாவப் பாக்காம இருந்தா எனக்கு ஒண்ணுமே இல்லாத மாரி கீது. எல்லாப் பசங்க மாரியும் கீறேன். அது நல்லா கீதுக்கா."

அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது. அவள் கடல் பக்கம் பார்த்தாள்.

"நீ சொல்லு," என்றான் அவன். "நீயாவது டெய்லி போடறியா? வுட்டதே இல்லியா?"

"ஒரு நாளுகூட வுட்டதில்லடா."

யோசிப்பதற்கு முன்பே பதில் வாயிலிருந்து வந்துவிட்டது. கிருபாகரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காலால் மணலைக் கிளறினான். "அப்போ என்னாலயும் முடியும்ல?" என்றான். திங்கட்கிழமை வந்து மாத்திரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

திரும்பி வரும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஜெனிட்டா டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே அவள் மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தாள். இப்போது பங்குனி வெயில்.

ஏன் நிறுத்தினாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் ஒழுங்காகச் சொல்லியிருக்க முடியாது. வீட்டில் யாரும் ஒதுக்கவில்லை. அண்ணி அவள் மாத்திரைக்கென்றே படுக்கையருகில் தண்ணீர் பாட்டில் வைப்பவள். பக்கவிளைவும் பெரிதாக இல்லை. வாரம் முழுக்க மாத்திரை, மாத்திரை என்று மற்றவர்களிடம் பேசிவிட்டு வந்து, ராத்திரி அந்த டப்பாவின் மூடியைத் திருகும்போது கை நின்றுவிடும். நாளைக்கு என்று மூடி வைப்பாள். மறுநாளும் அப்படியே. சின்ன வயதில் கடிகாரம் பார்த்து அண்ணன் ஊட்டிய மாத்திரையை, பரீட்சை நாளிலும் காய்ச்சல் நாளிலும் தவறவிடாத மாத்திரையை, அதைப் பற்றிப் பேசுவதே வேலை என்று ஆனபிறகு அவளால் விழுங்க முடியவில்லை. பெயர் விட்டுப்போனால் தேடுவார்கள் என்பதால் மாதாமாதம் போய் வாங்கிவந்தாள். பிரிக்காத டப்பாக்கள் கட்டிலுக்கடியில் சூட்கேஸில் பழைய சுடிதார்களுக்கு நடுவே கிடந்தன.

கிருபாகரன் சொன்னபடியே வந்தான். ஒரு வாரமும் தவறாமல் கூட்டத்துக்கும் வந்தான். மாத்திரைகளை வேறொரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, சத்தம் வராமலிருக்கப் பஞ்சு அடைத்து வைத்துக்கொண்டான். அந்த யோசனையை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தான். புதிதாக யாராவது வந்து, முடியவில்லை என்று தலைகுனிந்தால் அவன்தான் முதலில் பேசுவான்.

"அக்காவப் பாரு. பொறந்ததுலருந்து போடறாங்க. ஒரு நாளுகூட வுட்டதில்ல. நம்மளுக்கு இன்னா கேடு?"

ஜெனிட்டா ஒவ்வொரு முறையும் அவனைத் தடுக்க நினைப்பாள். ஒவ்வொரு முறையும் பேச்சு வேறு பக்கம் நகர்ந்துவிடும். அல்லது அவளே நகர்த்திவிடுவாள். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் பிரபாவதி, கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஸ்கூட்டரில் வருபவர், உளவியல் படித்தவர். அவர் ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்துவிட்டுப் போகும்போது, "ஜெனிட்டா, நான் நூறு தடவை சொன்னாலும் நடக்காதது உன்னைப் பார்த்தா நடக்குது" என்றார். அன்று ராத்திரி ஜெனிட்டா சூட்கேஸைத் திறந்து பார்த்தாள். திரும்ப மூடினாள்.

அந்தப் புதியவர்களில் ஒருத்திதான் ரெபேக்காள். பதினெட்டு முடிந்திருந்தது. சித்தி வீட்டில் வளர்ந்தவள். சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் கேன்டீனில் தட்டு எடுக்கும் வேலை. விடியுமுன் வேன் வந்து அள்ளிப்போகும். கூட்டத்தில் அவள் பேசியதே குறைவு. பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருப்பாள். முறை வரும்போது, "போடறேன்க்கா, ஒழுங்கா போடறேன்" என்பாள். கிருபாகரன் அக்கா புராணம் பாடும்போது மட்டும் தலையை நிமிர்த்தி ஜெனிட்டாவைப் பார்ப்பாள்.

ஆடி மாதத்தில் அவள் இளைக்க ஆரம்பித்தாள். சுடிதார் தோளில் தொங்கியது. இருமல் வேறு.

"இன்னா ரெபேக்கா, உடம்பு இப்பிடி ஆய்டுச்சி? மாத்திர போடறியா, இல்லியா?"

"போடறேன்க்கா. வேன்ல காத்து. சளி புட்ச்சிகினு வுட மாட்டேங்குது."

ஜெனிட்டா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியும். பொய் எப்படி இருக்கும் என்று அந்த மாடியில் மற்ற எவரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே அவள் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்காமல் அடுத்தவரிடம் போனாள்.

அடுத்த வாரம் ரெபேக்காள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் சித்தியின் போன் வந்தது. வேனிலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம். காசநோய் நுரையீரலில் பரவியிருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

ஜெனிட்டா போனபோது ரெபேக்காள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. சித்தி வாசலில் யாரோடோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்போலருந்து போடல?"

ரெபேக்காளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, "ஸ்கூல் முடிச்சி வேலைக்குச் சேந்ததுலருந்தே சரியா போடலக்கா. வேனு சீக்கிரம் வந்துடும். வந்து படுத்தா எழ முடியாது. அப்புறம் வுட்டே பூட்டேன்" என்றாள்.

"என்னாண்ட ஏம்மா சொல்லல? அதுக்குத்தான வாராவாரம் உக்காந்து பேசறோம்?"

"உன்னாண்ட எப்பிடிக்கா சொல்றது?" அவள் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீ ஒரு நாளுகூட வுட்டதில்லன்னு அந்த அண்ணன் சொல்லிகினே இருந்துச்சி. எல்லாரும் ஒழுங்கா கீறாங்க. நா ஒருத்திதான் இப்பிடின்னு அசிங்கமா இருந்துச்சி. சொன்னா நீ திட்ட மாட்ட, தெரியும். ஆனா உன் மூஞ்சி மாறும்ல."

ஜெனிட்டா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். எலும்பாக இருந்தது. அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று அவளை எழுப்பி அனுப்பிவிட்டார். வெளியே சித்தி, "நீங்க சொன்னா கேப்பா. உங்க பேச்சுத்தான் எப்பவும் பேசுவா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் ஜெனிட்டா நேராகப் பிரபாவதியிடம் போனாள். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். பிரபாவதி கணினியை மூடினார்.

"விளையாடாதே."

"இல்ல மேடம். டிசம்பர்லருந்து."

"போன ரத்தப் பரிசோதனை?"

"அது அதுக்கு முன்னாடி எடுத்தது. அடுத்ததுக்கு வரச் சொன்னாங்க. போவல."

பிரபாவதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று ஜெனிட்டா எதிர்பார்த்தாள். அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"என்கிட்டக்கூட ஏன் சொல்லலை?"

"வேல பூடும்னு இல்ல மேடம். நா நல்லா கீறேன்னு நீங்கதான் எல்லாராண்டயும் சொல்லிகினு இருந்தீங்க. டெல்லிலருந்து நம்ம திட்டத்தப் பாக்க வந்தவங்களாண்டகூட என்னியத்தான் காட்னீங்க. அதுக்கப்புறம் எப்பிடி சொல்றது?"

பிரபாவதி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "நாளைக்குக் காலையில என்னோட வா, டாக்டரைப் பார்ப்போம். மாத்திரையை உடனே ஆரம்பி. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். பிறகு திரும்பி, "பசங்ககிட்ட இப்போ எதுவும் சொல்லாதே" என்றார்.

"மேடம்?"

"கிருபாகரன் உன்னை நம்பித்தான் திரும்பி வந்தான். அது உடைஞ்சா அவன் மறுபடியும் நிறுத்துவான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் நிறுத்துவாங்க. அதுக்கு யார் பொறுப்பு? உன் மனசு லேசாகணும்ங்கறதுக்காக அவங்க தலையில பாரத்தை வைக்காதே."

அதில் உண்மை இருந்தது. கதவருகே போன ஜெனிட்டா திரும்பினாள்.

"ரெபேக்காளுக்கு யாரு மேடம் பொறுப்பு?"

பிரபாவதி ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

வீட்டுக்குப் போய் ஜெனிட்டா சூட்கேஸைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள். அண்ணனைக் கூப்பிட்டு டப்பாக்களைக் காட்டினாள். பெஞ்சமின் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவாக எடுத்து ஆட்டிப் பார்த்தான். "இன்னா பாப்பா இது," என்று மட்டும் கேட்டான். மறுபடியும் அதையே கேட்டான். பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் விழுங்கும்வரை, சின்னப் பிள்ளைக்கு நிற்பதுபோல எதிரில் நின்றான். அவள் விழுங்கிய பிறகு மொட்டைமாடிக்குப் போய்விட்டான், சாப்பிட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். பிரபாவதியும் வந்திருந்தார். அவர் தடுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. ஜெனிட்டா பயிற்சிக் கையேட்டைத் திறக்காமல் பக்கத்தில் வைத்தாள்.

"ரெபேக்கா ஆஸ்பத்திரில கீறா. அவ மாத்திர வுட்டுட்டா. வுட்டத நம்மளாண்ட சொல்லல. ஏன்னா நா வுட்டதே இல்லன்னு அவ நெனச்சிகினு இருந்தா." கையேட்டை இன்னும் தள்ளி வைத்தாள். "அது பொய். நா ஏழெட்டு மாசமா போடல. நாலு நாளா திரும்ப ஆரம்பிச்சிக்கீறேன்."

கிருபாகரன் சிரிக்கப்போவதுபோல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"அன்னைக்கு பீச்சுல கேட்டேனே?"

"அன்னைக்கும் போடலடா."

"என் மூஞ்சப் பாத்து சொன்னியே."

"ஆமா."

"ராத்திரி கொமட்டும்போதுலாம் உன்ன நெனச்சிதான்க்கா முழுங்கினேன்." அவன் எழுந்துவிட்டான். "போடலன்னு சொல்லிருந்தா இன்னா? ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிச்சிருப்போம்ல? என்ன இன்னான்னு நெனச்ச நீ?"

அவள் மன்னித்துவிடு என்று சொன்னாள். அது அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. பிரபாவதி பின்னாலேயே போனார். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார்.

மின்சார ரயில் ஒன்று தாம்பரம் பக்கமாகப் போனது. அது போய் முடியும்வரை எல்லோரும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரவின்குமார் என்ற பையன், எப்போதும் சட்டையைத் தேய்த்து மடிப்புக் கலையாமல் வருபவன், தொண்டையைக் கனைத்தான்.

"நானு சனிக்கிழமையில போட மாட்டேன்," என்றான். "ஃப்ரெண்ட்ஸோட குடிப்பேன். குடிச்சிட்டுப் போட்டா ஈரல் பூடும்னு ஒத்தன் சொன்னான். ஞாயித்துக்கெழமையும் அப்பிடியே பூடும்."

அதற்கப்புறம் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அவள் எதையும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவள் அவள் முதுகைத் தடவினாள். இன்னொருத்தி தன் பையை எடுத்துக்கொண்டு, வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனாள். அவள் பிறகு வரவே இல்லை. மிச்சமிருந்தவர்கள் அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினார்கள். பாதிக்கு மேல் எப்போதாவது நிறுத்தியவர்கள்தான். இத்தனை மாதமாக அவர்கள் எல்லோரும் அவளிடம் சொன்னது, அவள் கேட்க விரும்புவாள் என்று நினைத்ததை மட்டும்தான் என்பது அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது.

ரத்தப் பரிசோதனையில் கிருமி அளவு ஏறியிருந்தது. கூட்டத்தை வழிநடத்தும் பொறுப்பிலிருந்து அவளை நிறுவனம் விலக்கியது. வேறு வேலையாக, அலுவலகத்தில் போன் எடுக்கச் சொன்னார்கள். அந்த முடிவைப் பிரபாவதிதான் சொன்னார். சொல்லிவிட்டு, "இது உனக்குத் தண்டனை இல்லை" என்றார். ஜெனிட்டா தலையாட்டினாள். தண்டனை மாதிரிதான் இருந்தது.

கிருபாகரனுக்கு அவள் செய்த அழைப்புகள் போய்ச் சேரவில்லை. ஒருநாள் மாமல்லபுரம் போனாள். அதே காவலாளி, அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார். எங்கே என்று தெரியாதாம். கூடத் தங்கியிருந்தவர்களைக் கேட்டால் எதற்குத் தேடுகிறாள் என்று கேட்பார்கள். அவனுடைய ரகசியம் அவள் வாயால் வெளியே வரக்கூடாது. அவள் கேட் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

ரெபேக்காள் ஐப்பசி மழையில் வீட்டுக்கு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. கேன்டீனில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். ஜெனிட்டா சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பாள். நடந்ததை அவளிடமும் சொல்லியிருந்தாள். ரெபேக்காள் அப்போது கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் சொல்லியிருப்பேன்க்கா," என்றாள். கோபப்பட்டிருந்தால் ஜெனிட்டாவுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

கார்த்திகையில் ஒரு காலை, ரத்தப் பரிசோதனைக்காக மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தபோது அவள் போனில் ஒரு செய்தி வந்தது. புது நம்பர்.

'கிருபாகரன். பாண்டில வேல. மாத்திர வாங்கறதயும் இங்க ஆஸ்பத்திரிக்கே மாத்திகினேன். போட்டுகினுகீறேன். மேடத்தாண்டயும் சொல்லிடு. போன் பண்ணாத.'

அக்கா என்ற வார்த்தை அதில் எங்கும் இல்லை. அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பதிலாக எதையெதையோ தட்டினாள், அழித்தாள். கடைசியில், 'சொல்லிடறேன்' என்று மட்டும் அனுப்பினாள். அவன் படித்துவிட்டதாகக் காட்டியது. அவள் காத்திருந்தாள். வேறு எதுவும் வரவில்லை.

உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டபடி எழுந்து போனாள்.